இரட்டைப் புள்ளி வைத்த வண்டி

அன்பும் மரியாதையும் உள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன், கார் கம்பெனியில் சீட் பெல்ட் மாட்டுகிறவன், எழுதுவது. வீட்டில் எல்லோரும் சுகம் என்று எழுத வேண்டிய இடம் இது, எழுதிவிட்டேன். அங்கே நீங்கள், தங்கச்சி, பாப்பா மூவரும் சுகமாக இருக்க வேண்டும் என்பதும் வழக்கமாக இந்த இடத்தில் எழுதுவதுதான். ஆனால் இந்தத் தடவை வழக்கத்துக்காக எழுதவில்லை, நிஜமாகவே கேட்கிறேன். நேரில் வந்து சொல்லலாம் என்றால் தங்கச்சி சிரித்துவிடுவாள். அவள் சிரித்தால் எனக்கும் சிரிப்பு வந்துவிடும், அப்புறம் விஷயம் கெட்டது. எங்கள் கம்பெனி பஸ் டிரைவர் உங்கள் தெருக்காரர் என்பதால் அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். தனியாக உட்கார்ந்து படியுங்கள்.

விஷயம் இதுதான். சனிக்கிழமை புது வண்டியை எடுக்கப் போகாதீர்கள்.

அவசரப்பட்டுக் கோபித்துக்கொள்ள வேண்டாம். தொழிலாளி ஒதுக்கீட்டில் உங்களுக்காக அலைந்து அந்த வண்டியை வாங்கித் தந்தவனே நான்தான், நானே வேண்டாம் என்கிறேன் என்றால் காரணம் இருக்காதா? நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர், எங்கள் பிழைப்பு உங்களுக்குத் தெரியாது. இங்கே வண்டி நகர்ந்துகொண்டே வரும், நாங்களும் கூடவே நகர்ந்துகொண்டே வேலை செய்ய வேண்டும். ஒரு வண்டிக்கு ஐம்பத்தெட்டு வினாடி. நடுவில் தும்மல் வந்தால் அடுத்த வண்டியில்தான் தும்ம வேண்டும். ஐந்து பெல்ட், ஒவ்வொன்றையும் தரையோடு பிடிக்கிற ஒரு போல்ட், அந்த ஐந்து போல்ட்டும் என் பங்கு. காற்றழுத்தத்தில் ஓடும் கன்னால், அதாவது போல்ட் இறுக்குகிற துப்பாக்கியால், இறுக்கிவிட்டு, இறுக்கியாயிற்று என்பதற்கு அடையாளமாக போல்ட் தலையில் மஞ்சள் மார்க்கரால் ஒரு குறி வைக்க வேண்டும். ஆளுக்கு ஒரு குறி. என்னுடையது ஒரு கோடு, இருபத்திரண்டு வருஷமாக அதே கோடு. இதில் எனக்கென்று ஒரு கைத்திறமையும் உண்டு. ஐந்து போல்ட்டிலும் முதலிலேயே கோட்டை இழுத்துவிடுவேன், அப்புறம் கன்னை எடுத்து வரிசையாக இறுக்கிக்கொண்டு போவேன். மார்க்கரைத் திறந்து மூடுகிற நேரம் மிச்சம். நாலு வினாடி கையில் நிற்கும். புதிதாக வருகிறவர்களுக்கு சூப்பர்வைசர் என்னைக் காட்டித்தான் பாடம் நடத்துவார்.

எனக்கு நேர் எதிர் ஒருவர் இருந்தார். எதிர் ஷிஃப்டில் இதே இடத்தில் வேலை பார்த்தவர். கன்னால் இறுக்கிவிட்டு ஒரு புள்ளி வைப்பார். அப்புறம் கை ரெஞ்சைப் போட்டு, இறுக்கம் சரி என்று அது 'டக்' சொல்லும்வரை இழுத்துப் பார்த்துவிட்டு இரண்டாவது புள்ளி வைப்பார். அதனால் அவருக்கு ரெட்டைப்புள்ளி அண்ணன் என்றே பெயர். அவர் ஷிஃப்டில் லைன் நின்று நின்று வரும். சூப்பர்வைசர் தலையில் அடித்துக்கொள்வார். "ஏண்ணே, கன்னு இறுக்கினதை நீங்க என்ன மறுபடி இறுக்கிறீங்க?" என்றால், "கன்னுக்குப் புள்ளகுட்டி இருக்கா? எனக்கு இருக்கு," என்பார். போன வருஷம் கேன்டீனில் டீ டம்ளரைக் கையில் பிடித்தபடி சாய்ந்தவர்தான், எழுந்திருக்கவில்லை. நல்ல மனுஷன். அவர் போனபோது நான் அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அவர் போய் ஒரு மாதம் இருக்கும். வண்டி என் முன்னால் வருகிறது, நான் மார்க்கரோடு குனிகிறேன், போல்ட்டில் ஏற்கெனவே இரண்டு புள்ளி. தொட்டால் விரலில் ஒட்டுகிறது, பெயின்ட் காயவில்லை. எனக்கு முன்னால் நிற்கிறவன் கார்ப்பெட் விரிக்கிறவன், அவன் கையில் மார்க்கரே கிடையாது. யாரோ விளையாடுகிறார்கள் என்று விட்டேன். அன்று மட்டும் நாலு வண்டியில் இருந்தது. அதற்கப்புறம் சில நாள் இருக்கும், சில நாள் இருக்காது. சாப்பாட்டு நேரத்தில் லைன் நிற்கும், பாதி விளக்கை அணைப்பார்கள், ஆள் நடமாட்டம் இருக்காது. அந்த நேரத்தில் மூடிய வண்டிக்குள்ளிருந்து 'டக்' என்று ஒரு சத்தம். கொஞ்சம் தள்ளி இன்னொரு வண்டியிலிருந்து இன்னொரு 'டக்'. நான் இப்போதெல்லாம் சாப்பாட்டை வெளியே மரத்தடிக்கு எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன்.

கம்பெனி என்ன செய்தது என்று கேளுங்கள். அனுமதி பெறாத நபர்கள் போல்ட்டில் குறி வைக்கக் கூடாது என்று நோட்டீஸ் போட்டார்கள். மறுநாள் அந்த நோட்டீஸ் பலகையைச் சுவரோடு பிடித்திருந்த நாலு திருகிலும் ரெட்டைப் புள்ளி. பிறகு தரக்கட்டுப்பாட்டு ஆட்கள் வந்து புள்ளி வைத்த போல்ட்டுகளைச் சோதித்தார்கள், ஒன்றுகூட இம்மி அசையவில்லை. மேனேஜர் முகம் மலர்ந்துவிட்டது. "யாரா இருந்தா என்ன, அவரை அடுத்த ஷிஃப்டுக்கும் வரச் சொல்லுங்க," என்றார். சங்கச் செயலாளர் விடுவாரா? "செத்தவரை வச்சு ஆளைக் குறைக்கப் பாக்குறாங்க! அந்த இடத்துக்கு உயிரோட ஒரு ஆளைப் போடு!" என்று வாசலில் கொடி பிடித்தார். கோஷத்துக்கு நானும் கை தூக்கினேன். தூக்கும்போது பின்னால் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

இதுவரை சிரித்திருந்தால் இனிமேல் சிரிக்க வேண்டாம். முன்கண்ணாடி ஒட்டுகிற ஆள் ஒருவன் இருக்கிறான், கண்ணாடி என்றுதான் கூப்பிடுவோம். விபத்தில் நொறுங்கிய வண்டிகளைக் கம்பெனி சோதனைக்குக் கொண்டு வந்து பின்பக்கக் கொட்டகையில் போடும். உடைந்த கண்ணாடியை எடுக்க அவனைத்தான் கூப்பிடுவார்கள். போன வாரம் டீ குடிக்கும்போது மெதுவாகச் சொன்னான். "மூணு வண்டி பாத்துட்டேன்ணே. மூணும் அப்பளமா நொறுங்கியிருக்கு. மூணுலயும் ரெட்டைப் புள்ளி. அடிபடப் போற வண்டிக்குத்தான் அவர் புள்ளி வைக்கிறாரு." நான் டம்ளரைக் கீழே வைத்தேன். "உள்ள இருந்தவங்க?" என்றேன். "இறங்கி நடந்து போயிட்டாங்களாம்." "புள்ளி இல்லாத வண்டி எதுவும் வரலையா?" என்றேன். "வந்துச்சு. அதை மட்டும் கேக்காதீங்கண்ணே," என்று எழுந்து போய்விட்டான். கண்ணாடி எப்போதும் பாதிப் பேச்சில் எழுந்து போகிறவன், நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

செவ்வாய்க்கிழமை உங்கள் வண்டி லைனில் வந்தது. வண்டி எண் எனக்கு மனப்பாடம். "இது என் தங்கச்சி வண்டிப்பா" என்று காலையிலிருந்தே தம்பட்டம் அடித்திருந்தேன். கதவு மாட்டுகிறவர் ஒன்றுக்கு இரண்டு தடவை சாத்திப் பார்த்தார். கார்ப்பெட்காரன் கையைக் கழுவிவிட்டு வந்து விரித்தான். என்னிடம் வந்தபோது மார்க்கரும் கையுமாகக் குனிந்தேன். நாலு போல்ட்டிலும் ரெட்டைப் புள்ளி, ஈரமாக. டிரைவர் சீட்டுக்குப் பின்னால், பாப்பா உட்காருகிற இடத்தில் மட்டும் எதுவும் இல்லை. அந்த ஒன்றில் என் கோட்டை இழுத்தேன். கண்ணாடி சொன்னது நினைவுக்கு வந்து, மற்ற நாலிலும் இருந்த புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் உங்கள் வண்டி என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

ஆகவே மாப்பிள்ளை, அந்த வண்டி அடிபடப் போகிற வண்டி. திரை எத்தனை அங்குலம், பாட்டு எத்தனை மூலையிலிருந்து கேட்கும் என்று நீங்கள் என்னிடம் நாற்பது கேள்வி கேட்டீர்கள், போல்ட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. உங்களைக் குறை சொல்லவில்லை, யாருமே கேட்பதில்லை. பெல்ட் மாட்டுகிற எங்களையே பெல்ட் இல்லாத பஸ்ஸில்தான் கம்பெனி ஏற்றி இறக்குகிறது. எனக்காக இந்த ஒன்றைச் செய்யுங்கள். உங்களிடம் இருக்கிற பழைய நீல வண்டியே போதும். பத்து வருஷத்துக்கு முன்னால் என் லைனில் வந்தது, ஐந்து போல்ட்டிலும் என் கோடு. அதில் கண்ணை மூடிக்கொண்டு உட்காரலாம். பாப்பாவைப் பள்ளிக்கூடத்துக்கு அதிலேயே கூட்டிப் போங்கள், தங்கச்சியையும் அதிலேயே வெளியே அழைத்துப் போங்கள்.

தங்கச்சியிடம் வேறு ஏதாவது காரணம் சொல்லிக்கொள்ளுங்கள், நிறம் பிடிக்கவில்லை என்று சொன்னால்கூடப் போதும். பாப்பாவுக்கு மாமாவின் முத்தம். நீங்கள் மூவரும் நூறு வயசு இருந்து, தினமும் போன இடத்திலிருந்து பத்திரமாக வீடு திரும்ப வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உங்கள் மைத்துனன்.

பின்குறிப்பு: நேற்று எழுதி வைத்தது மேலே உள்ளது. அத்தனையையும் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். மனசு கேட்காமல் இன்று சாப்பாட்டு நேரத்தில் கை ரெஞ்சோடு, முடிந்த வண்டிகளை நிறுத்தி வைக்கிற யார்டுக்குப் போய் உங்கள் வண்டியைத் திறந்தேன். புள்ளி வைத்த நாலும் என் முழு உடம்பையும் கொடுத்து இழுத்தும் அசையவில்லை. பாப்பா இடத்து போல்ட்டை இரண்டு விரலால் தொட்டேன், சுழன்று கையோடு வந்துவிட்டது. அன்று கோடு போட்டேன், பயத்தில் கன்னை எடுக்கவே இல்லை. பயத்தினால்தான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு பக்கத்து வண்டிகளையும் பார்த்தேன். பதினோராவது வண்டியில் இன்னொன்று, என் கோட்டோடு, கையோடு வந்தது. அண்ணன் யாருக்கும் நாள் குறிக்கவில்லை மாப்பிள்ளை. நான் விட்டதை இறுக்கிக்கொண்டு வருகிறார். எல்லாவற்றையும் அவராலும் பிடிக்க முடியவில்லை. உங்களுடையதை டக் என்று சொல்லும்வரை இறுக்கிவிட்டேன், சிவப்புப் பொத்தானை அமுக்கி லைனையும் நிறுத்திவிட்டேன், சூப்பர்வைசர் கத்திக்கொண்டிருக்கிறார், கத்தட்டும். சனிக்கிழமை வரை காத்திருக்காமல் நாளைக்கே வந்து புது வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பழையதில் மட்டும் ஏறாதீர்கள், அதில் ஐந்தும் என் கோடு. இப்போது மணி மூன்றரை, பாப்பாவைப் பள்ளியிலிருந்து கூட்டி வருகிற நேரம். நாலு தடவை போன் அடித்துவிட்டேன். வண்டி ஓட்டும்போது நீங்கள் போனை எடுக்க மாட்டீர்கள், நல்ல பழக்கம்தான்.