ஒரே டேங்கில் இரண்டு மருந்து

நான் யார் பேச்சையும் கேட்க மாட்டேன் என்பது வலங்கைமான் வட்டாரம் முழுக்கத் தெரிந்த விஷயம். டாக்டர் பேச்சையும் கேட்க மாட்டேன் என்று வெளியே தெரிந்தது ஒரு கொலஸ்ட்ரால் மாத்திரையால்தான்.

இரண்டு வருடமாக ஒரே மாத்திரை ஓடிக்கொண்டிருந்தது. கொழுப்பு நினைத்த அளவு இறங்கவில்லை என்று தஞ்சாவூர் டாக்டர் வேறு மாத்திரைக்கு மாற்றினார். பழையதை நிறுத்திவிட்டு இதைப் போடுங்கள் என்று தெளிவாகத்தான் சொன்னார். நானும் தெளிவாகத்தான் தலையாட்டினேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் என் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது (அது எப்போதுமே ஆபத்து). வயலில் குருத்துப்பூச்சி ஒரு மருந்துக்கு அடங்காவிட்டால் என்ன செய்கிறேன்? இன்னொன்றையும் அதே டேங்கில் கலந்து அடிக்கிறேன். உடம்பு மட்டும் என்ன உசத்தி? அன்றிலிருந்து சாப்பாட்டுக்குப் பிறகு பழையது ஒன்று, புதியது ஒன்று. என் மனைவி தனத்திடம் சொல்லவில்லை. சொன்னால் திட்டுவாள்.

பத்து நாளில் தொடை இரண்டும் வலி எடுத்தது. நடவு வயலில் நின்ற வலி என்று எனக்கு நானே சர்டிபிகேட் கொடுத்துக்கொண்டேன். (நடவு முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.)

இந்த லட்சணத்தில்தான் மகள் கயல்விழியைப் பெண் பார்க்க வந்தார்கள். கல்லூரியில் பாடம் நடத்துகிறவள். ஏற்கெனவே மூன்று பேரை வேண்டாம் என்றவள். இந்தத் தடவையும் "பாத்துட்டு சொல்றேன்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. இதுவும் தட்டிப்போய்விடுமோ என்ற கவலையில் தனம் ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவே இல்லை.

மாப்பிள்ளைப் பையன் மாதவன், அவருடைய அம்மா, இரண்டு மாமாக்கள் வந்தார்கள். அந்த அம்மா நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். தனம் டைனிங் டேபிளைத் துடைத்து வைத்திருந்தாள். நான் சும்மா இருந்தேனா?

"தரையில சம்மணம் போட்டு சாப்பிடறதுதாங்க நமக்கு அழகு. இந்த வயசுலயும் எனக்கு ஒரு முட்டி வலி கிடையாது" என்று பந்திப்பாயை விரித்தேன்.

சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், மோர் எல்லாம் ஆயிற்று. எல்லாரும் கை கழுவ எழுந்தார்கள். என்னால் எழ முடியவில்லை. கையை ஊன்றினேன், இடுப்பு ஒரு சாண் கிளம்பி, தொப்பென்று திரும்ப இறங்கியது. மறுபடி முயன்றேன், மோரில் கை வழுக்கியது. மாமாக்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெண்ணின் அப்பாவுக்கு ஏதோ பெரிய வியாதி என்று முடிவு கட்டிவிட்டார்கள். தனம் கதவோரம் அப்படியே நின்றுவிட்டாள். என் வாய்க்கொழுப்பால் பிள்ளை கல்யாணம் கெட்டுப்போச்சே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போது பின்னாலிருந்து யாரோ இரண்டு அக்குளிலும் கை கொடுத்து, நெல் மூட்டை மாதிரி என்னைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தார். மாதவன்தான். என் கையிலிருந்த மோர்சாதம் அவருடைய வெள்ளைச் சட்டை முழுக்க. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. சொம்புத் தண்ணீர் கேட்டு வாங்கி என் கையைக் கழுவிவிட்டார்.

அவருடைய அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று விசாரித்தார். நர்ஸ் கேட்டால் பொய் வருமா? இரண்டு அட்டையையும் காட்டி, டேங்க் கணக்கையும் ஒப்பித்தேன். இரண்டுமே ஒரே வேலை செய்கிற மாத்திரை, சேர்த்துப் போட்டால் தசையைப் பிடித்துவிடும், உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றார். பிறகு தனத்தைப் பார்த்தார்.

"பொண்ண எங்களுக்குப் புடிச்சிருக்குங்க. பொண்ணோட சேத்து அந்தப் பழைய அட்டையையும் எங்ககிட்டயே குடுத்துடுங்க."

அவர்கள் காரிலேயே தஞ்சாவூர் போனோம். டாக்டர் திட்டினார். ரத்தம் எடுத்துப் பார்த்து, இரண்டையும் கொஞ்ச நாள் நிறுத்தச் சொன்னார். பிறகு புதியதை மட்டும் கொடுத்தார். வலி போய்விட்டது.

கல்யாணமாகி மூன்று வருடம் ஆகிறது. எந்தப் பந்தியில் நான் உட்கார்ந்தாலும் மோர் வருவதற்குள் மாப்பிள்ளை பின்னால் வந்து நின்றுகொள்கிறார். வேண்டாம் என்றால் யார் கேட்கிறார்கள்? அப்படி எதைப் பார்த்து இவரைப் பிடித்தது என்று ஒருநாள் கயலிடமே கேட்டேன்.

"உங்கள தூக்கினதப் பாத்துதாம்பா. அதுக்கு முன்னாடி வேணாம்னு சொல்றதாத்தான் இருந்தேன்."

அதிலிருந்து தனம் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், எங்கள் சம்பந்தம் ஜாதகம் பார்த்து அமையவில்லை, டேங்கில் கலந்து அமைந்தது என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.