குதிரை லாரியைத் தள்ளிவிட்டது குறித்து மச்சானுக்கு

வின்னிபெக்,
வியாழன் மாலை

மரியாதைக்குரிய மச்சான் தாராஸ் அவர்களுக்கு,

உங்கள் தங்கை லெஸ்யாவின் புருஷன் ஓரெஸ்ட் வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் நலம். உங்கள் முட்டிவலியும் ஹன்னா அக்காவின் கோழிகளும் எப்படி இருக்கின்றன என்று அறிய ஆவல். கிறிஸ்துமஸுக்கு அனுப்பிய தேன் கிடைத்தது. தேனில் ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் குதிரை விஷயத்தில்தான்.

இங்கிருந்து குதிரைகளை உயிரோடு விமானத்தில் ஏற்றி, ஜப்பானில் இறைச்சிக்கு வெட்டுகிறார்களே, அதை நிறுத்தச் சொல்லி உங்கள் தங்கையும் தேவாலயச் சமையல்கட்டுப் பெண்களும் வியாழன்தோறும் விடியற்காலையில் விமான நிலையத்தின் சரக்கு வாசலில் பலகை பிடித்து நிற்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். நான் வெறும் டிரைவர். காரைச் சூடாக வைத்திருப்பது, காபி ஊற்றுவது, பலகை காற்றில் பறந்தால் ஓடிப் பிடிப்பது, இவ்வளவுதான் என் கொள்கை. இன்று காலை குளிர் எப்படியென்றால், கண் சிமிட்டினால் இமை ஒட்டிக்கொண்டது. அந்த நேரம் பார்த்து வாசலுக்குச் சற்று முன்னால் ஒரு லாரி வழுக்கிப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. நம் ஊரில் பனியில் சிக்கிய வண்டியைப் பார்த்து யாருடையது என்று விசாரித்துக்கொண்டா நிற்போம்? மண்வெட்டியோடு ஓடினோம். நான் சங்கிலி கட்டினேன், பெண்கள் பின்னாலிருந்து தள்ளினார்கள். சக்கரம் பிடிமானம் இல்லாமல் சுற்றியதால், "குதிரைகளை அனுப்பாதே" என்று எழுதிய பலகைகளையே லெஸ்யா சக்கரத்துக்கு அடியில் சொருகினாள். லாரி அவற்றின் மேல் ஏறி ஜம்மென்று வெளியே வந்தது. கைதட்டினோம், மச்சான். கைதட்டினோம்!

டிரைவர் கர்ட் இறங்கி எல்லோருக்கும் கைகொடுத்தான். லெஸ்யா அவனுக்குக் கொழுக்கட்டை கொடுத்தாள்.

"பெரிய உபகாரம்மா. இல்லேன்னா விமானத்தை விட்டிருப்பேன்," என்றான்.

"எந்த விமானத்தை?" என்றாள் லெஸ்யா.

"குதிரை விமானத்தைத்தான்."

அப்போது லாரியின் பலகை இடுக்கு வழியாக ஒரு மூக்கு வந்து லெஸ்யாவின் கன்னத்தில் ஊதியது. நெற்றியிலிருந்து மூக்கு வரை வெள்ளைக் கோடு. "ஓரெஸ்ட், இது நம்ம குட்யா. குழந்தைங்க முகாமுக்குக் குடுத்துட்டேன்னு அண்ணன் சொன்னாரே," என்றவள் பனியிலேயே உட்கார்ந்துவிட்டாள். உங்கள் பண்ணையில் அவள் புட்டியில் பால் கொடுத்து வளர்த்த குட்டி, பண்டிகைக் கோதுமைப் பாயசத்தை அவள் கிண்ணத்திலிருந்தே நக்கி அந்தப் பாயசத்தின் பெயரையே வாங்கிக்கொண்டவன், அவனை அவள் மறப்பாளா?

அவனை விட்டுவிடச் சொல்லி அவள் கேட்க, கர்ட் லாரியை எடுத்துக்கொண்டு சரக்கு வாசலுக்கு உள்ளே போனான். திரும்பி வந்தபோது கையில் அந்தக் குதிரை. பள்ளத்தில் கால் பிசகி நொண்டுகிறதாம், கால்நடை மருத்துவர் விமானத்தில் ஏற்ற விடவில்லையாம், முதலாளி திருப்பிக் கொண்டுவராதே என்றாராம். "தூக்கிவிட்டவங்க கேட்டு இல்லைன்னு சொல்ல எங்கப்பா என்னை வளக்கலை," என்று கயிற்றை என் கையில் திணித்தான். அவன் லாரி திரும்பியதும் நொண்டல் நின்றுவிட்டது.

மற்றவை ஏறிப் போய்விட்டன. குளம்புச் சத்தம் வேலிக்கு இந்தப் பக்கம் கேட்டது. தள்ளிவிட்டது நாங்கள்தான். அதை எழுதக் கை கூசுகிறது.

இப்போது கார் தெருவில், குட்யா கராஜில். கதவில் தொங்கிய கிறிஸ்துமஸ் இலை வளையம் அவன் வயிற்றில். மச்சான், கூடப்பிறந்தவளிடம் பொய் சொல்ல உங்களுக்கு எப்படி மனசு வந்தது? இனி ஒரு குட்டியையும் அந்த வியாபாரிகளுக்கு விற்கமாட்டேன் என்று சொல்லுங்கள், ஈஸ்டருக்கு வழக்கம்போல வாருங்கள். சொல்லாவிட்டால் வரவேண்டாம். இது லெஸ்யாவின் தீர்ப்பு. நானும் சேர்ந்து கையெழுத்திடுகிறேன், வேறு வழியில்லை.

கோழிகள் உட்பட அனைவருக்கும் கடவுள் சுகம் தரட்டும்.

இப்படிக்கு,
ஓரெஸ்ட்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனபோது லெஸ்யா கராஜிலிருந்து கூப்பிட்டாள். சற்று முன் வைத்த ஹீட்டர் சூட்டில் குதிரையின் முகத்துப் பனி உருகிவிட்டது. வெள்ளைக் கோடும் சேர்ந்து உருகித் தரையில் வடிந்துவிட்டது. அடியில் முழுக்கப் பழுப்பு. போதாததற்கு இது பெண் குதிரை. அத்தனை பேரும் முகத்தை மட்டும் பார்த்து அழுதிருக்கிறோம். ஆகவே மேலே நான் திட்டியதையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும், மன்னிக்கவும். குட்யா முகாமில்தான் இருக்கிறான் என்று ஒரு வரி மட்டும் உடனே எழுதுங்கள். லெஸ்யா கராஜை விட்டு வர மறுக்கிறாள். அந்த லாரியில் மற்ற முகங்களிலும் பனிதான் இருந்தது, அடியில் என்ன இருந்தது என்று நாங்கள் பார்க்கவில்லை.