கப்பைக்கும் கணையம் உண்டு

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் இதுவரை ஜனங்கள் வரிசையில் நின்றது ரேஷன் கடைக்கும் ஓட்டுச் சாவடிக்கும்தான். போன மாதம் மூன்றாவதாக ஒன்று வந்து சேர்ந்தது. ஒரு பழைய சுக்குக் கிடங்கை வாடகைக்குப் பிடித்து, வெள்ளையடித்து, ஏ.சி. மாட்டி, வாசலில் இரண்டு ஆள் உயரத்துக்குப் பேனர் கட்டினார்கள். ‘ஊசி வேண்டாம்! ரத்தம் வேண்டாம்! ஒரே நிமிடத்தில் உங்கள் உடம்பின் முழு உண்மை! உலக விஞ்ஞானிகளின் முப்பது வருட ஆராய்ச்சி, இதோ உங்கள் தெருவில்!’

உலக விஞ்ஞானிகளுக்கு வேறு தெரு கிடைக்கவில்லை போலிருக்கிறது.

கூட்டம் அலைமோதியது. காக்கநாட்டிலிருந்து கழுத்தில் அடையாள அட்டை தொங்கத் தொங்க ஐ.டி. பிள்ளைகள் வந்தார்கள். வைட்டிலாவில் பஸ் மாறி மூட்டுவலிக்காரர்கள் வந்தார்கள். பிராட்வே துணிக்கடைக்காரர் ஒருவர், கடையை மச்சான் தலையில் கட்டிவிட்டு, தொடர்ந்து நாலு நாள் வந்தார். அவருக்கு ஒரு நோயும் இல்லை. இருந்துவிட்டால் என்ன செய்வது என்றுதான் வந்தார்.

உள்ளே வெள்ளைக் கோட்டில் டாக்டர் ரயீஸ். எந்த ஊரில், என்ன படித்த டாக்டர் என்று யாரும் கேட்கவில்லை. கோட்டு அவ்வளவு வெள்ளை. அவர் முன்னால் சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு பெட்டி. பெட்டியில் நீல விளக்கு, நீளமான ஒயர், ஒயரின் நுனியில் ஒரு எவர்சில்வர் குழாய். நோயாளி பெயர், வயது, ஆணா பெண்ணா, எடை எல்லாம் சொல்ல வேண்டும். உதவியாளர் நௌஷிதா அதைக் கம்ப்யூட்டரில் தட்டுவாள். பிறகு குழாயை ஒரு நிமிடம் இறுக்கிப் பிடிக்க வேண்டும். பெட்டி ‘கீ கீ’ என்று பாடும். அவ்வளவுதான், முப்பத்தெட்டுப் பக்க ரிப்போர்ட் வந்து விழும். ஈரல், கணையம், எலும்பு, வைட்டமின் எல்லாவற்றுக்கும் மார்க்கு. மார்க்கு குறைந்தவர்களுக்கு மட்டும் ‘செல்ஜீவன்’ பொடி. மார்க்கு கூடியவர்களுக்கு, அது குறையாமல் இருக்க, அதே பொடி.

இந்தப் பொடியில் குப்புற விழுந்தவர்களில் ஒருவர் சிகாபுதீன். மிளகுத் தரகர். இருபத்தெட்டு வருஷத் தரகில் ஒரு மனிதனின் வார்த்தையையும் நம்பாதவர். மூட்டைக்குள் குத்தூசியைச் செருகி, அடிவயிற்றிலிருந்து நாலு மணி எடுத்து, முகர்ந்து, கடித்து, தண்ணீரில் போட்டுப் பார்த்தபிறகுதான் விலை பேசுவார். சொந்த மாமனார் கொடுத்த மிளகில் பப்பாளி விதை மிதக்கிறதா என்று கல்யாணத்துக்கு மறுநாளே பார்த்தவர். அப்பேர்ப்பட்ட மனிதர் குழாயைப் பிடித்தார். ‘கணையம்: 96 மார்க்கு, மிக நன்று’ என்று வந்தது. அன்றைக்கே சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டார்.

இன்றோடு பதினைந்து நாள் ஆகிறது. காலையில் சாயாவுக்கு மூன்று கரண்டி சர்க்கரை, நாலு மணிக்குப் பழம்பொரி என்கிற வாழைப்பழ பஜ்ஜி. ஸ்கூல் லீவு விட்ட பையனைப் போல மனிதர் துள்ளிக்கொண்டு திரிந்தார்.

துள்ளாமல் இருந்தது அவர் மனைவி சுல்ஃபத் மட்டும்தான். அவர் இடது கால் கட்டைவிரலில் செருப்பு கடித்த புண் ஒன்று இரண்டு வாரமாக ஆறவில்லை. சுல்ஃபத்தின் அண்ணனுக்கும் இப்படி ஒரு விரலில்தான் ஆரம்பித்தது, முழங்காலோடு எடுத்தார்கள். அவளுக்குப் பயமாக இருந்தது. இந்த ஆளுக்குக் கால் போனால் என்ன செய்வது? வீட்டிலிருந்த சின்னக் கருவியில் அவர் விரலைக் குத்திப் பார்த்தாள். முன்னூற்றுப் பதினெட்டு.

“பாத்தீங்களா? மாத்திரையப் போடுங்கங்க.”

“அது பழைய மெஷின், சுல்ஃபத்தே. ஒரு சொட்டு ரத்தத்தை வச்சு அதுக்கு என்ன தெரியும்? இது குவாண்டம்.”

“குவாண்டம்னா எந்தாங்க?”

“தெரிஞ்சா நான் எதுக்கு மிளகு விக்கறேன்?”

நியாயமான பதில்தான். தெரியாததால்தான் நம்பிக்கை இவ்வளவு உறுதியாக இருந்தது.

அவரோடு ஒருநாள் போய் உட்கார்ந்து பார்த்தாள் சுல்ஃபத். பேசாமல் கவனித்தாள். குழாயை யார் எப்படிப் பிடித்தாலும் பெட்டி ஒரே பாட்டைத்தான் பாடியது. ஆனால் வயதைத் தட்டாமல் நௌஷிதா யாருக்கும் குழாயைக் கொடுக்கவில்லை. ‘ஒரு நிமிஷத்தில் உடம்பின் முழு உண்மையும் சொல்கிற சாதனத்துக்கு வயசு சொல்லித் தர வேண்டுமா?’ இந்தக் கேள்வி அவள் தலைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது.

மிளகுக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. தரம் பார்க்கிற ஆள் மேல் சந்தேகம் வந்தால் சண்டை போட மாட்டார்கள். ஒரே மூட்டையிலிருந்து இரண்டு பிடி எடுத்து, இரண்டு பொட்டலமாக மடித்து, இரண்டு பெயர் எழுதி அனுப்பி வைப்பார்கள். இரண்டுக்கும் ஒரே தரம் சொன்னால் ஆள் சுத்தம். ஒன்று முதல் தரம், இன்னொன்று மூன்றாம் தரம் என்றால், அதற்கப்புறம் பஜாரில் அவனிடம் கடுகைக்கூட யாரும் காட்ட மாட்டார்கள். சிகாபுதீன் இதற்கு வைத்த பெயர் இரட்டைப் பொட்டலம். அப்படி ஐந்து பேரைப் பஜாரை விட்டே துரத்தியவர் அவர். பொட்டலம் மடித்துக் கொடுத்தது சுல்ஃபத்.

கிடங்கில் மூட்டை தூக்குகிற வீரபாண்டியைக் கூப்பிட்டாள். உசிலம்பட்டிப் பக்கத்து ஆள். எர்ணாகுளம் வந்து பன்னிரண்டு வருஷமாகிறது. காலையில் சொந்தப் பெயரில், ஐம்பத்திரண்டு வயதில், எழுபது கிலோவில் போனார். மத்தியானம் தலையில் தொப்பி, முகத்தில் மாஸ்க்; பெயர் செல்லதுரை, வயது இருபத்துநாலு, எடை ஐம்பது. தினம் ஐம்பது அறுபது பேர் வருகிற இடத்தில் யார் முகத்தைப் பார்க்கிறார்கள்?

சாயந்திரம் இரண்டு ரிப்போர்ட்டையும் நீட்டினார். காலை ரிப்போர்ட்டில்: ‘எலும்பு மிகப் பலவீனம். ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது.’ அன்றைக்கு மட்டும் அவர் அறுபது கிலோ மூட்டை நாற்பது இறக்கியிருந்தார். மத்தியான ரிப்போர்ட்டில்: ‘எலும்பு உருக்கு போன்றது.’

“காலைல கெழவனாயிட்டேன், மத்தியானம் எளவட்டமாயிட்டேன்க்கா. சாயங்காலம் இன்னொருக்கா போனா தொட்டில்ல போட்டுத் தாலாட்டிருவாங்ய.”

சுல்ஃபத் இரண்டையும் கணவர் முன்னால் விரித்தாள். அவர் கண்ணாடியை மாட்டிப் படித்தார். ஒரு நொடி அவர் முகத்தில் மிளகுத் தரகர் எட்டிப் பார்த்தார். உடனே உள்ளே போய்விட்டார்.

“பொய்ப் பேரு குடுத்திருக்கீங்க. மெஷின்கிட்டப் பொய் சொன்னா அது நேர் சொல்லுமா?”

“பொட்டலத்துல நீங்களும் பொய்ப் பேருதானே எழுதறீங்க?”

“மிளகு வேற, குவாண்டம் வேற!”

விஷயம் வேறு ஒன்றுமில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை ‘ஆயிரமாவது பயனாளி விழா’. அதில், மாத்திரையையே விட்ட முன்மாதிரி என்று சிகாபுதீனுக்குப் பொன்னாடை. அவர் பேச்சும் இருந்தது. வெள்ளைச் சட்டை இஸ்திரி போட்டாயிற்று. பொன்னாடை வரப்போகிற நேரத்தில் எந்த மனுஷன் மூளையைத் தேடுவான்?

சுல்ஃபத் சந்தைக்குப் போய்க் கப்பை வாங்கி வந்தாள். கப்பை என்றால் மரவள்ளிக் கிழங்குதான், வேறு ரகசியம் இல்லை. அரை மூட்டையைப் பச்சையாகவே வைத்துக்கொண்டு, விழா அன்று காலையில் நல்ல தடியாக ஒன்றை மட்டும் வேகவைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. கிடங்கு நிரம்பி ரோடு வரை ஆள். மேடையில் சிகாபுதீன் பொன்னாடையோடு பளபளத்தார். ரயீஸ் மைக்கைப் பிடித்து, ஆராய்ச்சி ஆராய்ச்சி என்று பதினேழு தடவை சொன்னார். என்ன ஆராய்ச்சி, யார் செய்தது என்று ஒரு தடவையும் சொல்லவில்லை.

அப்போது கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒரு சக்கர நாற்காலி வந்தது. தள்ளியது வீரபாண்டி, பக்கத்தில் சுல்ஃபத். நாற்காலியில் தலை முதல் கால் வரை கம்பளி போர்த்திய ஒரு உருவம் சாய்ந்திருந்தது.

“டாக்டரே, இது வீரபாண்டியோட தாயாராக்கும். பேரு மாயம்மாள், வயசு எழுபத்தஞ்சு, எடை நாப்பது. பேச்சில்ல, அசைவில்ல. வெளிச்சம் பட்டா ஆகாது. ஆயிரமாவது ஆளா இவங்களைப் பாத்துச் சொல்லுங்க.”

பேச்சில்லை, அசைவில்லை என்பதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் கிடையாது.

மேடையில் சிகாபுதீன் முகம் வெளுத்தது. வீரபாண்டியின் தாயார் இறந்து எட்டு வருஷம் ஆகிறது என்பது அவருக்குத் தெரியும். அடக்கத்துக்கு உசிலம்பட்டி வரை போய் வந்தவர். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. உள்ளே இருந்த தரகருக்கும் என்ன தரம் வருகிறதென்று பார்க்க ஆசைதான்.

ரயீஸுக்கு ஏக மகிழ்ச்சி. ஆயிரமாவது ஆளே அசையாத ஆள் என்றால் எவ்வளவு பெரிய விளம்பரம்! “குழாயைப் போர்வைக்குள்ள வச்சுக் குடுங்க இத்தா, அது போதும்!” என்று சுல்ஃபத்திடம் சொன்னார். நோயாளியை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பெட்டி பார்க்கும்போது டாக்டர் எதற்குப் பார்க்க வேண்டும்? சுல்ஃபத் குழாயைக் கம்பளிக்குள் விட்டு, வெந்த கப்பையில் நன்றாகச் செருகினாள். பெட்டி ‘கீ கீ’ என்று அதே பாட்டைப் பாடியது.

ரிப்போர்ட்டை ரயீஸ் மைக்கில் உருக்கமாக வாசித்தார்.

“மாயம்மாள் அம்மா! கணையம் நாப்பத்தொண்ணு மார்க்கு, பாவம். முட்டி தேய்மானம். கர்ப்பப்பையில பழைய வீக்கம். ராத்திரி உறக்கமில்ல. பிள்ளைங்களைப் பத்தி ஓயாத கவலை!”

கூட்டத்தில் நாலு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

“பொடி குடுத்தாச் சரியாகுமா டாக்டரே?”

“ஆறு மாசம், ஆறு டப்பா. எழுந்து நடக்கும்!”

“ஓடுமா?”

“ஓடும் இத்தா!”

“அப்ப நாங்க பிடிச்சு வச்சுக்கறோம்” என்று சொல்லிச் சுல்ஃபத் கம்பளியை உருவினாள்.

சாக்கு மூட்டை, அதன் வாயில் எட்டிப் பார்க்கிற கிழங்குகள், மேலே குழாய் செருகிய வெந்த கப்பை. அதிலிருந்து இன்னும் லேசாக ஆவி வந்துகொண்டிருந்தது.

யாரோ பின்னாலிருந்து ‘க்ளுக்’ என்றார்கள். அவ்வளவுதான், கிடங்கே உடைந்து சிரித்தது. ஐ.டி. பிள்ளைகள் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

“எங்கம்மாவுக்கு ராத்திரி ஒறக்கமில்லயாம்ல! நேத்து பூரா அடுக்களைல குறட்ட விட்டுச்சே!” என்றார் வீரபாண்டி.

ரயீஸ் லேசில் விடுகிற ஆளா? “சிரிக்காதீங்க! தாவரத்துக்கும் உயிர் உண்டு! அதோட எனர்ஜியைத்தான் மெஷின்…”

“செரி டாக்டரே, உயிர் உண்டு. கர்ப்பப்பையும் உண்டா? கவலைப்படற பிள்ளைங்க எத்தனை?” என்று சுல்ஃபத் கேட்டாள்.

பதில் வருவதற்குள் சிகாபுதீன் எழுந்தார். மேடையை விட்டு இறங்கி, நேரே நௌஷிதாவிடம் போனார்.

“மோளே, என் பேரு, வயசு, எடை தட்டு.”

தட்டினாள்.

“குழாய் எங்க இருக்கு?”

“கப்பையில இருக்கு இக்கா.”

“அங்கயே இருக்கட்டும். பட்டனை அமுக்கு.”

அமுக்கினாள். பெட்டி பாடியது. பிரிண்டர் முப்பத்தெட்டுப் பக்கம் கக்கியது. ‘சிகாபுதீன். கணையம்: 96 மார்க்கு, மிக நன்று.’

அதே மார்க்கு. கப்பை பிடித்தாலும் அதே மார்க்கு. நௌஷிதா தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்: “எனிக்கும் போன வாரம்தான் மனசிலாச்சு இக்கா. வயசையும் எடையையும் பாத்து அதுவே மார்க்கு போடும். குழாய் சும்மா.”

சிகாபுதீன் ஒரு டப்பாவை உடைத்தார். விரலால் தொட்டு, முகர்ந்து, நாக்கில் வைத்து, கண்ணை மூடினார். இருபத்தெட்டு வருஷத்துத் தரகர் ஒருவழியாக வேலைக்குத் திரும்பி வந்துவிட்டார்.

“கிடங்குத் தரையைப் பெருக்கின சுக்குத் தூசி. மூணாம் தரம்கூட இல்ல. பாதிக்குப் பாதி சர்க்கரை.”

“பத்தொம்பது நாளாக் குடிச்சீங்களே, தெரியலையா?” என்று சுல்ஃபத் கேட்டாள்.

“மூக்கைப் பிடிச்சுட்டுக் குடிக்கணும்னு சொன்னான். பிடிச்சுட்டுக் குடிச்சேன்.”

அந்த ஒரு வாக்கியத்தில் எல்லாம் இருந்தது. அவருக்கே அது உறைத்தது, காது சிவந்தது. பொன்னாடையைக் கழற்றி, மடித்து, கப்பை மூட்டைக்குப் போர்த்தினார். “ஆயிரமாவது பயனாளிக்குத்தான் இது” என்றார். மறுபடி கிடங்கு அதிர்ந்தது.

இந்தச் சிரிப்புக்கு நடுவில் ரயீஸ் கோட்டைக் கழற்றிவிட்டுப் பின்வாசல் வழியாக நழுவப் பார்த்தார். பின்வாசலில் மூட்டை தூக்குகிறவர்கள் பதினாறு பேர் நின்றார்கள். ‘எலும்பு மிகப் பலவீனம்’ என்று மார்க்கு வாங்கியவர்கள். பலவீனமாகவே அவரைத் தூக்கி வந்து முன்னால் உட்கார வைத்தார்கள். போலீஸ் வரும்வரை எழுந்திருக்க விடவில்லை.

சுல்ஃபத் கைப்பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். சர்க்கரை மாத்திரை. பத்தொன்பது நாளாக அதைக் கூடவே வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறாள். அவர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

“இது ரெட்டைப் பொட்டலமா?”

“இல்ல, ஒண்ணுதான். இதை ஏற்கெனவே ஆயிரக்கணக்கான பேருகிட்டப் பேர் மறைச்சுக் குடுத்துச் சோதிச்சாச்சாம். ஆஸ்பத்திரில சொன்னாங்க. குடுத்த டாக்டருக்கும் எது மாத்திரை, எது சும்மா மாவுன்னு தெரியாதாம்.”

“நம்ம பஜார் வேலையாச்சே அது!” என்று சொல்லிவிட்டு, சர்க்கரை போடாத சாயாவோடு மாத்திரையை விழுங்கினார். அங்கிருந்தே, வீட்டுக்குக்கூடப் போகாமல், கட்டைவிரலைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். விரல் பிழைத்தது. இன்னும் ஒரு வாரம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்காது என்றார் டாக்டர். பெயருக்குப் பின்னால் படிப்பு இருந்த டாக்டர்.

அந்தக் கப்பையை அன்று மத்தியானம் மீன்குழம்போடு எல்லோரும் பங்கு போட்டுச் சாப்பிட்டார்கள். கணையம் தனியாக அகப்படவில்லை.

மட்டாஞ்சேரியில் இன்றைக்கும் நாலு மிளகைக் கடித்துப் பார்க்காமல் யாரும் மூட்டை வாங்குவதில்லை. அந்த மூட்டைக்குக் கொடுக்கிற மரியாதையை, அன்பர்களே, உங்கள் உடம்புக்கும் கொஞ்சம் கொடுங்கள். அதற்கு வேண்டிய மூளையை மட்டும் இன்னும் யாரும் டப்பாவில் அடைத்து விற்கவில்லை. இருப்பதைத்தான் உபயோகித்தாக வேண்டும்.