ஆதாயம் அண்ணாச்சியும் நார்வே நாடும்

நார்வே நாட்டைக் கண்டு பயந்த ஒரே மனிதர் இந்த உலகத்தில் சிவகாசியில்தான் இருந்தார். அமெரிக்காவை அவர் சட்டை செய்யவில்லை. இங்கிலாந்தை, "பழைய கள்ளன், தெரிஞ்ச மூஞ்சிதாம்லே" என்று தள்ளிவிட்டார். நார்வே என்ற பேர் காதில் விழுந்தால் மட்டும் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார்.

இரண்டாயிரத்தின் ஆரம்ப வருஷங்கள் அவை. காலண்டரும் வெடி லேபிளும் அடிக்கிற ஒரு பிரஸ்ஸில் நான் கம்ப்யூட்டரில் டிசைன் செய்துகொண்டிருந்தேன். அண்ணாச்சி கட்டிங் மிஷின். பேப்பரை அடுக்கி, தட்டி, ஒரே வெட்டில் நேராக்குகிறவர். அவருடைய சொந்தப் பெயர் எனக்குக் கடைசி வரை தெரியாது. எதைச் சொன்னாலும், "இதுல அவனுக்கு என்னலே ஆதாயம்?" என்று கேட்பார். அதனால் ஊருக்கே ஆதாயம் அண்ணாச்சி ஆகிவிட்டார்.

புதிதாகச் சேர்ந்த பையன் வணக்கம் சொன்னால் அன்று முழுக்க வேலை ஓடாது, எதுக்குச் சொன்னான் என்று யோசித்துக்கொண்டிருப்பார். கண்டக்டர் கேட்காமலே மீதிச் சில்லறை கொடுத்தால், அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஒருமுறை நெஞ்சு வலிக்கிறது என்று டாக்டரிடம் போனார். அந்த டாக்டர், "உங்களுக்கு ஒண்ணும் இல்ல, மருந்தே வேண்டாம், போங்க" என்று அனுப்பிவிட்டார். அண்ணாச்சி நேராக அடுத்த தெருவில் இருந்த இன்னொரு டாக்டரிடம் போய், முதல் டாக்டர் தன்னை ஏன் சும்மா விட்டார் என்று விசாரித்தார்.

மத்தியானச் சாப்பாட்டையும் மிஷினுக்குப் பின்னால், சுவரைப் பார்த்து உட்கார்ந்துதான் சாப்பிடுவார். நாலு பேரோடு சேர்ந்து சாப்பிட்டால் யாராவது கூட்டு பரிமாறிவிடுவார்கள் என்று பயம்.

இப்படிப்பட்டவர் காதில்தான் நார்வே வந்து விழுந்தது. இலங்கையில் சண்டை நிற்கவேண்டும் என்று நார்வேக்காரர்கள் நடுவில் நின்று பேசிக்கொண்டிருந்த காலம். காலை டீக்கு நான்தான் பேப்பரைச் சத்தமாக வாசிப்பேன்.

"ஏலே, இந்த நார்வே எங்கன இருக்கு?"

"ஐரோப்பாவுல, வடகோடியில அண்ணாச்சி. ஒரே பனி."

"அங்கன இருந்து இம்புட்டுத் தூரம் வந்து ரெண்டு பேத்துக்குச் சமாதானம் பேசுதானா? இதுல அவனுக்கு என்னலே ஆதாயம்?"

"ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. சண்டை நிக்கணும், அம்புட்டுதான்."

அந்த "ஒண்ணும் இல்ல"வை நான் சொல்லியிருக்கக் கூடாது. அவர் முகம் இருண்டுவிட்டது. "என்ன வேணும்னு தெரிஞ்சவன்கிட்ட வெல பேசலாம்லே. ஒண்ணும் வேண்டாம்னு வாறவன்கிட்ட என்னத்தப் பேச?" என்றார். அன்றிலிருந்து தூக்கம் போனது.

ஒரு வாரம் மீன் என்றார். நார்வேக்காரர்களுக்கு மீன்பிடிதான் பெரிய தொழில் என்று நான் சொல்லித் தொலைத்திருந்தேன். "அவன் கடல்ல மீனு தீந்திருக்கும், இந்தக் கடல்ல கண்ணு வச்சிட்டான்" என்பது அவருடைய முடிவு. அடுத்த வாரம் அவர்களுக்குக் கப்பல் நிறைய உண்டு என்று தெரிந்ததும் கப்பல். கடலுக்கடியில் எண்ணெய் எடுக்கிறார்கள் என்று சொன்னபோது, "அது வேறயா!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

இதற்கு நடுவில் பிரஸ்ஸுக்கு ஒரு லோடு வெளிநாட்டுப் பேப்பர் வந்து இறங்கியது. கட்டின் மேலட்டையில் நார்வே என்று அச்சடித்திருந்தது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல் அதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். அண்ணாச்சி நாலடி பின்னால் போய் நின்றுவிட்டார். மிஷின் நின்றது. முதலாளி ஓடி வந்தார்.

"என்ன அண்ணாச்சி, பேப்பர வெட்டுங்க. ஆர்டர் நிக்கி."

"வெட்டுதேன் மொதலாளி. இது எதுக்கு வெல கொறச்சலா வந்திருக்குன்னு கேட்டீகளா?"

"அவன் நாட்டுல மரம் ஜாஸ்தி, விக்கான். வெட்டுங்க."

"மொதல்ல எலங்கைக்கு வந்தான், இப்பம் பிரஸ்ஸுக்குள்ளயே வந்துட்டான். நான் சொல்லுததச் சொல்லிட்டேன்" என்று முனகிக்கொண்டே வெட்டினார். வழக்கமான வெட்டைவிட அந்தப் பேப்பருக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் பலம்.

காலண்டர் சீசன் உச்சத்தில் இருந்தபோது ஒருநாள் அவர் என் அறைக்குள் பாய்ந்து வந்தார். கையில் அப்போதுதான் வெட்டிய காலண்டர். மேலே முருகன் படம், கீழே ஒரு பாத்திரக் கடையின் பெயர்.

"கண்டுபிடிச்சிட்டேம்லே! கடைக்காரன் இத ஓசியில குடுக்கான். நீ முருகனக் கும்பிடுத. கும்பிட்டு முடிச்சதும் கண்ணு எங்கன போவுது? கீழ. வருசம் முச்சூடும் உன் வீட்டுச் செவுத்துல அவன் பேரு தொங்குது. நார்வேயும் காலண்டர்தாம்லே குடுக்கான். மேல சமாதானம், கீழ அவன் பேரு!"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் யோசித்தால் அதில் ஏதோ இருந்தது. சின்ன நாடு. யாரையும் அடித்துப் பிடுங்க ஆள்பலம் கிடையாது. ஊர் ஊராகக் கப்பல் ஓடவேண்டும், எண்ணெயும் மீனும் விற்கவேண்டும். உலகத்தில் சண்டை குறைவாக இருப்பதும், நல்ல பெயர் கூடுதலாக இருப்பதும்தான் அவர்களுக்குப் பிழைப்பு. இருந்தாலும் விட்டுக்கொடுக்க மனசில்லாமல், "அப்ப மேல இருக்கிற முருகன் பொய்யா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

அவர் காலண்டரில் ஒட்டியிருந்த பேப்பர்த் தூசியைத் தட்டிவிட்டார். "முருகன் முருகன்தான். கடை கடைதான்" என்றார். போகும்போது வாசலில் நின்று, "சண்ட நின்னாச் செரிதாம்லே. புள்ளகுட்டிக பாவம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாட்டு விவகாரம் இந்த மட்டில் இருக்க, அவர் வீட்டில் பெரிய விவகாரம் நடந்துகொண்டிருந்தது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அண்ணாச்சியின் சம்சாரத்தை நாங்கள் மதினி என்றுதான் கூப்பிடுவோம். மதினியின் தம்பி சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் வெடிக் கம்பெனியில் வேலை பார்த்தான். தீபாவளி போனஸில் அக்காளுக்கு ஒரு மிக்ஸி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறான். அண்ணாச்சி அந்தப் பெட்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, வந்தவன் முகத்துக்கு நேராகவே, "இதுல ஒனக்கு என்னலே ஆதாயம்?" என்று கேட்டுவிட்டார். அவன் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்துவிட்டான். மதினி மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு தம்பி பின்னாலேயே பஸ் ஏறிவிட்டாள்.

போனவள் வரவில்லை. அங்கேயே மத்தாப்புக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டபோது எனக்கே திக்கென்றது. கோபத்தில் போகிறவர்கள் திரும்பி வருவார்கள். வேலைக்குச் சேர்ந்துவிட்டால் கதை வேறு.

முதலில் முதலாளி சமாதானம் பேசப் போனார். "ஒமக்கு மிஷின் ஓடணும் மொதலாளி. அவ வந்தாலும் ஓடும், வராட்டியும் ஓடும். போங்க" என்று அண்ணாச்சி அனுப்பிவிட்டார். அடுத்தது, மதினி போனதிலிருந்து அவர் சாப்பிட்டு வந்த மெஸ்ஸின் சொந்தக்காரர். பாவம், நல்ல மனுஷன். "எதுக்கு இங்கன வந்து சாப்பிடுதீக, வீட்டம்மாவப் போயிக் கூப்பிடுங்க" என்று சொல்லியிருக்கிறார். சோறு விற்கிறவன் வீட்டில் சாப்பிடச் சொல்கிறான் என்றால் எவ்வளவு பெரிய சதி! அன்றோடு மெஸ்ஸை நிறுத்திவிட்டார். அதற்குப்பிறகு பன்னும் வாழைப்பழமும்தான். சுவரைப் பார்த்து உட்கார்ந்து பன்னைப் பிய்த்துத் தின்கிற அந்த முதுகு நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே வந்தது.

ஒரு லீவு நாளில், அவரிடம் சொல்லாமல் நான் அச்சங்குளத்துக்குப் போனேன். மதினி என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "நீங்க எதுக்குத் தம்பி பஸ் ஏறி வந்தீக? ஒங்களுக்கு இதுல என்ன?" அத்தனை வருஷம் கூட இருந்ததில் தொற்றிக்கொண்டிருந்தது.

பிறகு அழுதாள். "அந்தப் பய வெடி மருந்துக்குள்ள கெடந்து சம்பாதிச்ச காசு தம்பி. அக்காளுக்கு ஒண்ணும் செய்யலையேன்னு அம்புட்டு நாளா மனசுல வச்சிருந்தான். அவன் மூஞ்சியப் பாத்து அப்படிக் கேக்கலாமா?" கண்ணைத் துடைத்துக்கொண்டு நிபந்தனை சொன்னாள். "அவுக வந்து கூப்பிடட்டும். ஆனா வந்த எடத்துல வாயத் தொறக்கப்புடாது."

மறுநாள் இதை அண்ணாச்சியிடம் சொன்னேன். மிஷினை நிறுத்திவிட்டு என் கண்ணையே பார்த்தார்.

"சரி. ஒனக்கு இதுல என்ன ஆதாயம்?"

ஒன்றுமில்லை என்று சொன்னால் நானும் நார்வேதான். ஒரு நிமிஷம் யோசித்து, "மதினி வந்தா ஞாயித்துக்கெழம எனக்குக் கறிக்கொழம்பு கெடைக்கும்ல அண்ணாச்சி" என்றேன்.

அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். "அப்படிச் சொல்லு! அவ வந்தாத்தான் ஒனக்குக் கொழம்பு. அப்பம் நீ ஒழுங்காத்தான் பேசியிருப்ப. கெளம்புலே!"

அச்சங்குளத்தில் மச்சினன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தான். கோபத்தைக் காட்டவில்லை. காபி கொண்டுவந்து நீட்டினான். "குடிங்க மச்சான்." அண்ணாச்சி கிளாஸைப் பார்த்தார். மச்சினனைப் பார்த்தார். உதடு "இதுல" என்று துவங்கியது. நான் அவர் காலை மிதித்தேன். கதவுக்குப் பின்னால் மதினியின் வளையல் சத்தம் நின்றுவிட்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரே மடக்கில் குடித்தார்.

"இன்னொரு கிளாஸ் தரட்டா மச்சான்?" என்றான் அவன். வேண்டுமென்றே கேட்டானா, பாசத்தில் கேட்டானா தெரியவில்லை. அண்ணாச்சிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தலையை ஆட்டினார். அதையும் குடித்தார். மதினி பையோடு வெளியே வந்தாள். மிக்ஸியை மச்சினன்தான் பஸ் ஸ்டாப் வரை தூக்கி வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு இலை போட்டார்கள். மதினி கறிக்குழம்பை அள்ளி ஊற்றினாள், ஆசையாக, நிறைய. இங்கே ஒன்று சொல்லவேண்டும். நான் கறி சாப்பிடுவதில்லை. கட்டிங் செக்‌ஷனைத் தவிர அந்தப் பிரஸ்ஸில் எல்லாருக்கும் இது தெரியும்.

நான் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்ததை அண்ணாச்சி பார்த்தார். கொஞ்சம் கொஞ்சமாக அவருக்குப் புரிந்தது.

"நீ கறி திங்க மாட்டியா?"

"மாட்டேன் அண்ணாச்சி."

"அப்பம் எதுக்குலே அச்சங்குளத்துக்கு அலைஞ்ச?"

மதினி கரண்டியோடு அப்படியே நின்றாள். எனக்கு வேறு பொய் எதுவும் கிடைக்கவில்லை. "நீங்க பன்னு திங்கிறதப் பாக்க முடியல அண்ணாச்சி" என்றேன்.

அடுத்த கேள்விக்காக நான் காத்திருந்தேன். அவர் என் இலையை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, புது இலை ஒன்றை எனக்கு முன்னால் போட்டு, தானே தண்ணீர் தெளித்தார்.

"ஏ, இவனுக்குப் பருப்பும் ரசமும் வையி" என்றார் உள்ளே பார்த்து. பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "அடுத்த ஞாயித்துக்கெழமையும் வந்துரு" என்றார்.

"எதுக்கு அண்ணாச்சி?"

"சும்மாதாம்லே" என்றார்.

அந்த ஊரை விட்டுக் கிளம்புகிற வரை ஒரு ஞாயிறுகூட நான் தவறவிடவில்லை. எனக்கு அந்த மனுஷனை அவ்வளவு பிடித்திருந்தது.