குள்ளனுக்கு உயிர் நாலு

"எனக்கு இன்னும் எத்தனை நாள்மா?" என்று கணக்கு வாத்தியார் போனில் கேட்டதும், ரத்தப் பரிசோதனை நிலையத்தின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்தவள் ரசீது எழுதுவதை நிறுத்தினாள்.

"எதுக்கு சார் எத்தனை நாள்?"

"நீ அனுப்பின ரிப்போர்ட்டைத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன். உயிர் நாலு. இயல்பு அளவு இருபதுல இருந்து முப்பதாம். கடைசியில, 'அடுத்த சண்டையைத் தாங்க மாட்டார்'னு போட்டிருக்கு. எங்க வீட்டுல சண்டை தினம் ரெண்டு வேளைம்மா."

செத்தோம் என்று நினைத்தாள். அது ரிப்போர்ட்டே இல்லை. வாரம் ஒருநாள் அவளும் நாலு சிநேகிதர்களும் கம்ப்யூட்டரில் கூடிக் கதை விளையாட்டு ஆடுவார்கள். ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். அதன் பலம், பலவீனம், மிச்சமிருக்கும் உயிர் எல்லாம் ஒரு தாளில் எண்ணாக இருக்கவேண்டும். நம் கும்பலுக்கென்று தனியாக நானே செய்து தருகிறேன் என்று வீராப்பாக ஒப்புக்கொண்டாள். ஆனால் மகராசிக்குக் கட்டம் போட்டுப் பழக்கமிருந்த ஒரே தாள், நிலையத்தின் ரிப்போர்ட் தாள்தான். ஹீமோகுளோபின் இருந்த இடத்தில் தன் பாத்திரமான குள்ளனின் வீரத்தையும், யூரியா இருந்த இடத்தில் விஷத்தையும் போட்டாள். மேலே இருந்த நிலையத்தின் முத்திரையை எடுக்க மறந்தாள். மதியம் அந்தத் தாளைக் கதை நடத்துகிறவருக்கும், வாத்தியாரின் ரிப்போர்ட்டை வாத்தியாருக்கும் அனுப்பினாள். அதாவது, அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஆபீஸ் கம்ப்யூட்டரில் பாட்டுக் கேட்டதற்கே ஒருத்தியை வீட்டுக்கு அனுப்பியவர் பெரிய டாக்டர். கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்திருந்தார்.

"அது உங்களுது இல்ல சார். வேற ஒருத்தரோடது, மாறிப்போச்சு" என்றாள், குரலை இறக்கி.

வாத்தியார் உருகிப்போனார். பாவம், அந்த மனுஷனுக்கு விஷயம் தெரியுமா, பெண்டாட்டி பிள்ளை இருக்கிறதா, நேரில் வந்து பெரிய டாக்டரிடம் சொல்லி ஏதாவது செய்யலாமா என்று அடுக்கிக்கொண்டே போனார். பெரிய டாக்டர் என்ற பேரைக் கேட்டதும் அவள் உண்மையை உளறிவிட்டாள்.

"அவர் மனுஷரே இல்ல சார். குள்ளர்."

"நானும் கவனிச்சேன், இனம் குள்ளர்னு. பொய் சொல்லாதம்மா, அது என்னோடதுதான். என் உயரம் ஊருக்கே தெரியும். அதையும் எதுக்கு ரிப்போர்ட்ல போட்டீங்க? நான் இப்பவே கிளம்பி வர்றேன்."

அனுப்பிய கையோடு இரண்டு தாளையும் கம்ப்யூட்டரிலிருந்து அவள் அழித்திருந்தாள். இன்னொரு தடவை வாத்தியாரின் ரிப்போர்ட்டை எடுக்க டெக்னீஷியன் அக்காவின் பாஸ்வேர்ட் வேண்டும். கேட்டால் ஏன் என்பாள், ஏன் என்று சொன்னால் வேலை போகும். கதை நடத்துகிறவரிடமிருந்து திருப்பி வாங்கலாம் என்றால் அவர் போனை எடுக்கவில்லை. மூன்று தடவை அடித்துப் பார்த்துவிட்டு, பயத்தில் அவளே வாத்தியாரைக் கூப்பிட்டாள்.

"வர வேண்டாம் சார். உங்க ரிப்போர்ட்டை நானே பார்த்தேன். எல்லாம் நார்மல். உங்களுக்கு ஒண்ணுமே இல்ல."

மறுமுனையில் வாத்தியார் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "நல்லா இரும்மா" என்று சொல்லி வைத்துவிட்டார். அவளும் அப்பாடா என்று ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள்.

அரைமணி நேரத்தில் வாத்தியார் ஆட்டோவில் வந்து இறங்கினார், கையில் ஒரு கிலோ இனிப்புப் பெட்டியோடு.

டெஸ்டுக்குப் பயந்து பதினைந்து நாளாக இனிப்பைத் தொடவில்லையாம். இப்போது ஆசை தீர ஒன்று தின்றார், பேச்சுவாக்கில் இன்னொன்று தின்றார். காத்திருந்தவர்களுக்கெல்லாம் நீட்டினார், டெக்னீஷியன் அக்காவைக் கூப்பிட்டுக் கொடுத்தார், மூன்றாவதைத் தானே எடுத்துக்கொண்டார். சத்தம் கேட்டுப் பெரிய டாக்டரே வெளியே வந்துவிட்டார்.

"டாக்டர், இந்தப் பொண்ணுதான் எனக்கு உயிர் கொடுத்துச்சு. எல்லாம் நார்மல்னு சொல்லிருச்சு" என்று வாத்தியார் அவள் கையிலும் ஒன்றைத் திணித்தார்.

"இவங்க எப்படிச் சொன்னாங்க?" என்றார் டாக்டர், அவளைப் பார்த்து.

அந்த நேரம் பார்த்து மேசைமேல் போன் அடித்தது. கதை நடத்துகிறவர். கட் பண்ணத்தான் விரலை வைத்தாள். பாகு ஒட்டிய விரல் வழுக்கி ஸ்பீக்கரில் பட்டுவிட்டது. வாத்தியார் நாலாவது இனிப்பை வாயில் போட்டுக்கொண்டார்.

கூடமே கேட்க அந்தக் குரல் சொன்னது: "குள்ளனோட தாளைப் பார்த்தேன், அருமை. ஆனா சர்க்கரை நானூத்திப் பன்னெண்டுன்னு போட்டிருக்கியே, அது பலமா, பலவீனமா?"