இடக்கை விதி ஒழிப்பு வைபவம்

இயற்கையின் விதிகளை யாராலும் மாற்ற முடியாது என்ற மூடநம்பிக்கையில் உலகம் நெடுங்காலம் உழன்று கிடந்தது. அந்த இருளை நீக்கிய பெருமை ஒரு தனியார் பள்ளியின் நிர்வாகத்தைச் சேரும். அதுவும் ஒரே கூட்டத்தில், தேநீர் ஆறுவதற்குள்.

பத்தாம் வகுப்பில் பிசிக்ஸ் மிஸ் காந்தப்புலம் நடத்திக்கொண்டிருந்தார். பல ஆண்டுகளாகத் தற்காலிக ஆசிரியை. அவர் வாழ்க்கையில் நிரந்தரமாக இருந்தது அந்தத் தற்காலிகம் ஒன்றுதான். இந்த மாதம் எப்படியும் வேலையை நிரந்தரமாக்கிவிடுவதாகத் தாளாளரே வாய் திறந்து சொல்லியிருந்தார். அந்த மகிழ்ச்சியில் மிஸ் அன்று கொஞ்சம் நன்றாகவே நடத்திவிட்டார். வினை அங்கேதான் பிடித்தது.

காந்தத்தின் நடுவே மின்சாரம் ஓடும் கம்பியை வைத்தால், கம்பி ஒரு பக்கமாகத் தள்ளப்படும். எந்தப் பக்கம் என்று அறிய இடது கையில் மூன்று விரல்களை மூன்று திசையில் நீட்ட வேண்டும். ஆட்காட்டி விரல் காந்தப்புலம், நடுவிரல் மின்சாரம், கட்டைவிரல் கம்பி போகும் பக்கம். இதற்குப் பெயர் இடக்கை விதி.

"எங்க, எல்லாரும் கைய நீட்டுங்க பாப்போம்!"

வகுப்பே நீட்டியது. அந்த நேரம் பார்த்துத் தாளாளர், நன்கொடை தரவிருந்த பெரிய மனிதர் ஒருவரோடு கதவைத் திறந்தார். வகுப்பு நிறைய நொட்டாங்கைகள் அவர்களை வரவேற்றன. பெரிய மனிதர் வந்த வழியே போனார், நன்கொடையும் அவரோடு போனது.

'ஒழுக்கமும் இயற்பியலும்' என்ற பொருளில் அவசரக் கூட்டம் கூடியது.

"சார், அது பாடத்துல இருக்கிற விதி" என்றார் மிஸ்.

"விதியா? என் பள்ளிக்கூடத்துல யார் தலைவிதியா இருந்தாலும் நான்தாம்மா எழுதணும்" என்றார் தாளாளர்.

தலைமையாசிரியர் எழுந்தார். தாளாளருக்கு வலது கையாக இருப்பவர் என்பதால் ஆசிரியர்கள் அவரை 'வலது கை' என்றே அழைப்பார்கள். இந்த விவகாரத்தில் அவரைவிடத் தகுதியானவர் யார்? "இனிமே அது வலக்கை விதி. அவ்வளவுதானே?"

"கை மாறினா கம்பி எதிர்ப்பக்கம் போறதா வருமே சார்."

"போகட்டுமே. நமக்கென்ன, அதுக்குப் பின்னாடியா ஓடப் போறோம்?"

'இடக்கு' என்ற சொல்லே 'இடக்கை'யிலிருந்துதான் பிறந்தது என்று தமிழாசிரியர் அந்த நிமிடமே கண்டுபிடித்து வழங்கினார். கணக்கு வாத்தியார் எல்லாவற்றுக்கும் கணக்காகத் தலையாட்டினார். தீர்மானம் நிறைவேறியது.

கம்பிக்கு மட்டும் தகவல் போய்ச் சேரவில்லை. மறுநாள் ஆய்வகத்தில் தாளாளர் முன்னிலையில் சுவிட்சைப் போட்டார்கள். மிஸ்ஸின் வலது கட்டைவிரல் கதவைக் காட்ட, கம்பி ஜன்னல் பக்கம் துள்ளியது.

"ஏன் அடங்க மாட்டேங்குது?" என்றார் தாளாளர்.

"கம்பி சரியாத்தான் போகுது சார். கைதான்..."

"உங்க வேலைய நிரந்தரமாக்குற விஷயம் அடுத்த வாரம் வருது மிஸ்" என்று 'வலது கை' மிக அன்பாக நினைவூட்டினார்.

வீட்டில் கணவர் முழுக் கதையையும் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "நீ பாடம் நடத்தப் போறியா, போராட்டம் நடத்தப் போறியா? எந்தக் கைய நீட்டினா என்ன, பொழப்பு நடக்கணும்ல?"

மிஸ் யோசித்தார். யோசிக்கத் தெரிந்தவர்தானே. மறுநாள் அவர் சொன்ன யோசனையைத் தாளாளரோ 'வலது கை'யோ ஏழு பிறவி எடுத்தாலும் சொல்லியிருக்க முடியாது. அதற்குப் படிப்பு வேண்டும்.

"காந்தத்துல ரெண்டு முனைக்கும் பெயிண்ட மாத்தி அடிச்சிடலாம் சார். வடக்குன்னு இருக்கிறத தெற்குன்னும், தெற்க வடக்குன்னும் எழுதிட்டா, வலது கை சரியா வந்துடும்."

கைமேல் பலன் கிடைத்தது. ஆய்வகத்தின் காந்தங்கள் அத்தனையும் ஒரே பகலில் நிறம் மாறின. கம்பியும் கட்டைவிரலும் ஒரே திசையில் போயின. தாளாளர் கண்கலங்கிக் கைதட்டினார்.

அடுத்த பாடம் மின்காந்தத் தூண்டல். காந்தத்தின் நடுவே கம்பியை அசைத்தால் அதில் மின்சாரம் பிறக்கும். அதன் திசையைச் சொல்லப் புத்தகமே வலக்கை விதியைத்தான் வைத்திருக்கிறது. "பாத்தீங்களா, புத்தகமே நம்ம வழிக்கு வந்துடுச்சு!" என்று தாளாளர் பூரித்து, வகுப்பைப் பார்க்கப் பின் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் 'வலது கை'.

மிஸ் கம்பியை அசைத்தார். மின்சாரம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று காட்டும் ஊசி, வலது கை சொன்னதற்கு எதிர்ப்பக்கம் சாய்ந்தது. பெயிண்ட் மாறிய காந்தம் வேறு என்ன செய்யும்?

முன் பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள். எதையும் ஏன் ஏன் என்று துளைப்பதால் 'ஏன்' என்பதே அவள் பட்டப்பெயர். மேசையிலிருந்த ஒரு சட்டக்காந்தத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டாள். அது ஆடி, அடங்கி நின்றது.

"மிஸ், காலையில வெயில் அந்த ஜன்னல்ல வருது. அப்ப அது கிழக்கு. கிழக்கப் பாத்து நின்னா இடது கைப் பக்கம்தானே வடக்கு? இது ஏன் வலது பக்கத்த வடக்குன்னு காட்டுது?"

"இடது கைங்கிற பேச்சே இங்க கூடாது!" என்று 'வலது கை' பாய்ந்தார்.

அவள் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. "நீங்க சொல்லுங்க மிஸ். நீங்க சொன்னா சரியா இருக்கும். எது வடக்கு?"

பின் பெஞ்சில் தாளாளர் புன்னகையோடு காத்திருந்தார். மிஸ் கிழக்கைப் பார்த்து நின்றார். வலது கையை நீட்டினார்.

"இதுதான் வடக்கு."

அந்தப் பெண் கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தாள். "சரி மிஸ்" என்று உட்கார்ந்தாள். அதன் பிறகு அவள் யாரையும் எதுவும் ஏன் என்று கேட்டதில்லை. வகுப்பில் ஒழுக்கம் ஓங்கிவிட்டதாக நிர்வாகம் பாராட்டியது.

தாளாளரைக் குறை சொல்லிப் பயனில்லை. பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. வடக்கு எதுவென்று சந்தேகமறத் தெரிந்த பெரியவர் அந்த அறையில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவரைத்தான் நிரந்தரமாக்கினார்கள்.