முதலாளியின் பதினாலு கிலோ

பல்லாவரத்திலிருந்து தாம்பரம் வரை எத்தனை முதலாளிகள் இருந்தார்களோ, அத்தனை பேரிடமும் திட்டு வாங்கிய ஒரே மனிதர் ‘ஜீரோ’தான். வாங்கியதை ஒருநாளும் வீட்டுக்கு எடுத்துப் போனதில்லை. அங்கேயே வட்டியோடு திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவார்.

தொண்ணூறுகளின் தொடக்கம். பம்மலில் ஒரு போல்ட் கம்பெனியில் நான் ஸ்டோர்ஸ் கிளார்க். எங்களுக்கு முதன்முதலாக டிஜிட்டல் எடை மேடை வந்தது. அதைப் பொருத்த வந்தவர்தான் ஜீரோ. ஆட்டோவின் பின்சீட்டில் எடைக்கற்கள் சொகுசாக உட்கார்ந்திருக்க, இவர் டிரைவர் பக்கத்தில் பாதி உடம்பு வெளியே தொங்க வந்து இறங்கினார். இறங்கியதும் முதல் உத்தரவு:

"ஃபேனை நிறுத்து! ஜீரோ ஆடுது."

அது மே மாதம். மேனேஜர் முனகினார்.

"காத்தும் எடை காட்டும் சார். வேர்த்தா தொடச்சிக்கங்க!"

பெயர் அன்றே நிலைத்துவிட்டது. சொந்தப் பெயரைக் கேட்கிற தைரியம் யாருக்கும் வரவில்லை.

ரசமட்டம் வைத்து, மேடையின் நான்கு கால்களையும் திருகித் திருகிச் சமப்படுத்தினார். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் மேடை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. புது மெஷின் ஆயிற்றே என்று, லாரிக்கு வைப்பது போல எங்கள் முதலாளி நான்கு கால்களுக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைக்கச் சொல்லியிருந்தார்.

"யார் வேலை இது?"

"நான்தான். நல்லதுக்குத்தான்யா" என்றார் முதலாளி.

"நல்லதுன்னா ஜூஸ் போட்டுக் குடுங்க. இது இன்னா லாரியா, நசுக்கிட்டுக் கெளம்ப?"

நான்கு பழங்களையும் எடுத்து முதலாளி கையிலேயே வைத்தார். மறுபடி சமப்படுத்தி, திரையில் பூஜ்யத்தை வரவழைத்து, மூலைக்கு மூலை கல் வைத்துப் பார்த்து, சரி என்று தலையாட்டினார். முதலாளி செருப்பைக் கழற்றிவிட்டு பயபக்தியோடு மேடை ஏறினார்.

தொண்ணூற்றாறு.

"தப்பு! ரயில்வே ஸ்டேஷன் மெஷின்ல எண்பத்திரண்டுதான்" என்று சட்டைப் பையிலிருந்து எடை அட்டையை எடுத்து நீட்டினார். ஜீரோ அதைத் திருப்பி, பின்னால் இருந்த ஜோசியத்தைப் பார்த்தார்.

"‘நீங்கள் சாந்த குணம் உடையவர்’னு போட்டுகீது. அதுவும் கரீட்டா சார்?"

போல்ட் பிரிக்கும் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது.

"எண்பத்திரண்டு காட்டற மாதிரி மாத்து. இல்லேன்னா ரிப்போர்ட்ல கையெழுத்து கிடையாது."

கையெழுத்தில்லாமல் திரும்பினால் ஜீரோவின் வேலை போய்விடும். அவர்மேல் அத்தனை புகார். காலையில்தான் என்னிடம், "இன்னொரு கம்ப்ளெயின்ட் வந்தா வூட்டுக்குத்தான்மா" என்று சொல்லியிருந்தார். அப்படியும் அவர் அசையவில்லை.

"உங்களுக்குக் கொறச்சா போல்ட்டுக்கும் கொறையும் சார். இந்தம்மாங்களுக்கு எடைக்குத்தானே கூலி? உங்க தொப்பையை மறைக்க இவங்க வயித்துல அடிக்கணுமா?"

பெண்களின் சிரிப்பு நின்றது. முதலாளி போனை நோக்கி ஓடினார். அதற்குள் ஜீரோ கம்பியில் ஈய முத்திரையைக் கோத்து நறுக்கென்று அழுத்திவிட்டு, மேடைமேல் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"சீல் வெச்சாச்சு. ஒடைக்கணும்னா மொதல்ல என்னை எறக்குங்க!"

போல்ட் பிரித்துக்கொண்டிருந்த கன்னியம்மா அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் நின்றார்.

"அவர எறக்கினா இன்னிக்கு ஒருத்தரும் வேலை செய்ய மாட்டோம் சார்."

மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள். முதலாளி போனைக் கீழே வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஆனால் மறுநாளே ஜீரோவின் கம்பெனிக்குப் புகாரும் எழுதி அனுப்பினார்.

அடுத்த சர்வீஸுக்கு வேறொருவர் வந்தார். ஜீரோவை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களாம். எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. புதியவர் கற்களை ஏற்றிப் பார்த்துவிட்டு, "தொடவே வேணாம் மேடம், அப்படியே இருக்கு" என்றார்.

அந்த மேடை காட்டிய எடையை நான் ஒருநாளும் சந்தேகித்ததில்லை, ஒன்றே ஒன்றைத் தவிர. அன்று ஜீரோ சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தபோது அது நாற்பத்தெட்டு கிலோ காட்டியது. அதை மட்டும் இன்றுவரை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.